தூங்கியதாக எழுதிய நேரங்கள்

ஜூன் 6

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் என் சின்னவள் பட்டாணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் மைனாவும் இருக்கிறோம். நலம் என்ற சொல்லை இந்தக் குழந்தைகள் புற்றுநோய் வார்டில் கொஞ்சம் அளந்துதான் செலவழிக்க வேண்டியிருக்கிறது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நான் போனை எடுத்தால் மைனா கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்துக்கொள்கிறாள். எட்டு வயதுக்கு, நான் சொல்லாமல் விட்டதுகூட அவளுக்குக் கேட்டுவிடுகிறது. அதனால் வியாழக்கிழமைதோறும் உன் அத்தான் வேனில் துணிப்பை எடுத்து வரும்போது, மடித்த துணிக்கு அடியில் கடிதத்தை வைத்துவிடு. அழுக்குத் துணியோடு என் பதில் வரும்.

மைனாவுக்குத் தூக்கமே இல்லை. ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து கண் கொட்டுவதில்லை. கொஞ்சம் அசந்தால் காய்ச்சல் பார்க்க ஒருத்தி வருகிறாள், அவள் போனதும் ரத்த அழுத்தம் பார்க்க இன்னொருத்தி, அதற்குள் ஏறிய குளுக்கோஸ் தண்ணீர் பாத்ரூமுக்கு எழுப்பிவிடுகிறது. பகலெல்லாம் எரிச்சல். நேற்று என் சீப்பைத் தூக்கி எறிந்தாள். எனக்கெதற்குச் சீப்பு என்று கேட்டாள். அதை எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டேன்.

இங்கே அம்மாக்களுக்கு ஒரு வேலை உண்டு. தினம் ஒரு தாள் தருகிறார்கள். குழந்தை எப்போதிலிருந்து எப்போது வரை தூங்கியது என்று எழுத வேண்டும். கீழே வாய் நிறையச் சிரிப்பதிலிருந்து கண்ணீர் விடுவது வரை ஐந்து முகங்கள். அன்றைக்குக் குழந்தை எந்த முகமோ அதில் டிக் போட வேண்டும். "தூக்கம் பத்தலைன்னா டாக்டர் மருந்துல கை வைப்பாரும்மா" என்று மூத்த நர்ஸ் சொன்னாள். மருந்தைக் குறைத்தால், ஒரு ரவுண்டு கீமோ தள்ளிப்போனால், பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

நீ கவலைப்படாதே. பதினோரு வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவள் நான். இருபது நிமிடம் தாமதமாக வந்த வண்டிகளை நேரத்துக்கு வந்ததாக எழுதி எத்தனை டிரைவர்களை மெமோவிலிருந்து காப்பாற்றியிருக்கிறேன். இந்தத் தாளையா என்னால் பார்த்துக்கொள்ள முடியாது?

பட்டாணிக்கு இரண்டு கன்னத்திலும் என் பெயரைச் சொல்லி முத்தம் கொடு.

உன் அக்கா


ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. நீ சாப்பிடுகிறாயா? மைனாவைக் கேட்கவில்லை, உன்னைக் கேட்கிறேன்.

பட்டாணி சௌக்கியம். நான்கு வயதில் என்ன வாய் அவளுக்கு. பள்ளிச் சீருடைத் துணி வந்து வீடு முழுக்கக் கிடக்கிறது, நடக்க வழியில்லை. அவள் அதையெல்லாம் மலை என்று சொல்லி ஏறி இறங்குகிறாள். அளவு கொடுக்க வந்த ஒரு அம்மாவிடம் "உங்க இடுப்பு எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டாள். அந்த அம்மா இன்னும் துணி வாங்க வரவில்லை.

ஒரு அதிசயம். பகலில் தூங்க வைக்க நீ எத்தனை பாடுபடுவாய்! இப்போது தானாகவே தூங்குகிறாள், அதுவும் தையல் மெஷினுக்குக் கீழே. நான் முழு வேகத்தில் மிதிக்கிறேன், காலடியில் அவள் சொக்கிப் போய்க் கிடக்கிறாள். என் கைராசி என்று நினைத்துக்கொள்.

மைனாவுக்குத் தொப்பி இரண்டு வைத்திருக்கிறேன். தையல் உறுத்தாமல் இருக்க மடிப்பை வெளிப்பக்கம் வைத்திருக்கிறேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
தங்கை


ஜூன் 27

அன்புள்ள தங்கைக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள், கண்ணுக்கு ஓய்வு கொடு. தொப்பிகள் அளவாக இருக்கின்றன.

நல்ல செய்தி. மைனா இப்போது நன்றாகத் தூங்குகிறாள். இரவு ஏழு மணி நேரம், பகலில் இரண்டு தடவை. தாளைப் பார்த்துவிட்டு டாக்டரே தலையாட்டினார். இரண்டாவது ரவுண்டு தள்ளிப்போகாமல் ஆரம்பித்துவிட்டார்கள். முகமும் தேவலை. தினமும் இரண்டாவது முகம், அதுதான் அடக்கமாகச் சிரிக்கிறதே, அது.

நான் தாளில் எழுதும்போது மட்டும் மைனா வைத்த கண் வாங்காமல் என்னைப் பார்க்கிறாள். முந்தாநாள், "இப்ப யாரும்மா தூங்குறா?" என்று கேட்டாள். ஏதோ மருந்து மயக்கத்தில் கேட்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

பட்டாணி பகலில் தூங்குவது நல்லதுதான். வளரும் குழந்தை.

அன்புடன்,
அக்கா


ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலத்தைத் துணிப்பையில் தேடிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் அழுக்குத் துணி மட்டும்தான் வந்தது.

மைனா தூங்குகிறாள் என்று படித்ததும் எனக்கே உயிர் வந்தது. நம் அத்தை மகனுக்கெல்லாம் சொல்லிவிட்டேன்.

ஒரு சின்ன விஷயம். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பட்டாணி கைக்குழந்தையாக இருந்தபோது தூக்கத்தில் சிரிப்பாளா? இப்போது சிரிக்கிறாள். பல் தெரியாமல், உதடு மட்டும் மேலே போய், அப்படியே நிற்கிறது. நேற்று எழுந்த பிறகும் அந்தச் சிரிப்பு போகவில்லை. பால் டம்ளர் கைதவறிக் காலில் விழுந்தது, நகம் கறுத்துவிட்டது. அழவில்லை, அக்கா. கண்ணில் தண்ணீர் நிற்கிறது, வாய் சிரிக்கிறது. நான்தான் பயந்து அவளைத் தூக்கிக்கொண்டேன்.

தூக்கமும் ஒரு மாதிரியாக இருக்கிறது. பேசிக்கொண்டே இருப்பாள், பாதிச் சொல்லில் தூங்கி விழுந்துவிடுவாள். எழுப்பினால் எழுவதில்லை. பிறகு தானாக எழுந்து மீதிச் சொல்லைச் சொல்கிறாள். தெருமுனை டாக்டரிடம் காட்டினேன், ஒன்றுமில்லை என்று சத்து டானிக் கொடுத்தார். சும்மா இருக்கட்டும் என்று என் அளவு நோட்டில் நேரத்தைக் குறித்து வைக்கிறேன். ஒரு சட்டைக்கு எத்தனை நிமிடம் என்று பார்க்கும் பழக்கத்தில் கடிகாரம் எப்போதும் என் எதிரில்தான்.

நீ இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளாதே. உனக்கு அங்கே இருப்பது போதும்.

தங்கை


ஜூலை 25

அன்புள்ள தங்கைக்கு,

நலமா? எழுத வெள்ளைத்தாள் தீர்ந்துவிட்டது. அந்தத் தூக்கத்தாளில் பெற்றோருக்கென்று ஒரு நகல் தருவார்கள். பழைய நகல்கள் சும்மாதானே கிடக்கின்றன என்று அவற்றின் பின்பக்கத்தில், உன் கண்ணுக்காகப் பெரிய எழுத்தில், எழுதுகிறேன். முதல் தாளிலிருந்து எல்லாவற்றையும் கட்டாக வைத்திருக்கிறேன். எனக்கு எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போட மனம் வராது, உனக்குத் தெரியுமே.

மூன்றாவது ரவுண்டு பாதி முடிந்தது. ரத்தத்தில் கெட்ட அணுக்கள் குறைந்துகொண்டே வருகின்றனவாம். அதைக் கேட்டு வராந்தாவில் போய்க் கொஞ்சம் அழுதேன். பக்கத்துக் கட்டில் அம்மாவின் பிள்ளைக்குத் தூக்கம் சரியில்லை. பாவம், அவள் உள்ளதை உள்ளபடி எழுதுகிறாள்.

மைனா அதிகம் பேசுவதில்லை. அவளுக்கு மைனா என்று பெயர் வைத்ததே அந்த வாய்க்காகத்தான். இப்போது கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். கண்ணுக்குக் கீழே மை தடவியதுபோல் இருக்கிறது.

பட்டாணிக்கு டானிக் சாப்பாட்டுக்குப் பிறகு கொடு.

அக்கா


ஜூலை 31

அக்கா,

நலம் விசாரிக்கக் கை வரவில்லை. மன்னித்துக்கொள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பினேன். எட்டுத் தாள்கள். என் அளவு நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

ஜூலை 16. உன் தாளில் மைனா தூங்கியது மத்தியானம் 3.17 முதல் 4.42 வரை. என் நோட்டில், எட்டாம் வகுப்புச் சட்டை அளவுக்குக் கீழே, பட்டாணி விழுந்தது 3.17, எழுந்தது 4.42. ஜூலை 18, காலை 11.08 முதல் 12.51. என் நோட்டிலும் அதேதான். ஒரு நிமிடம் முன்பின் இல்லை. எட்டு நாளும் அப்படியே. எட்டுத் தாளிலும் நீ டிக் போட்ட இரண்டாவது முகத்தைப் பார்த்தேன். பல் தெரியாத சிரிப்பு. பட்டாணியின் உதட்டை அளவெடுத்து வரைந்த மாதிரி இருக்கிறது.

பிள்ளைகள் இருவரும் ஒரே நேரத்தில் தூங்குகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் கண்ணுக்குக் கீழே மை தடவியதுபோல் இருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். தூங்கும் பிள்ளைக்கு அது ஏன் வருகிறது?

ஒரே ஒரு கேள்வி. பதினாறாம் தேதி மத்தியானம் மைனா நிஜமாகவே தூங்கினாளா?

தங்கை


ஆகஸ்ட் 15

அன்புள்ள தங்கைக்கு,

பதில் எழுத இரண்டு வாரம் ஆகிவிட்டது. வேலை.

தூங்காமல் பின்னே என்ன? தாளில் இருக்கிறதே. இரண்டு பிள்ளைகளும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே நேரத்தில் தூங்குவதில் என்ன அதிசயம்? நீ தனியாக இருந்து இருந்து எதையாவது நினைத்துக்கொள்கிறாய். மெஷின் சத்தம் வேறு.

மைனாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். தனியறைக்கு மாற்றிவிட்டார்கள். போனை வெளியே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இங்கே காய்ச்சல் என்பது வீட்டுக் காய்ச்சல் இல்லை. எல்லோரும் வேகமாக நடக்கிறார்கள், மெதுவாகப் பேசுகிறார்கள்.

தாளில் நிமிடம் நிமிடமாக எழுத எனக்குத் தெம்பில்லை. தனியறையில் பல நாளுக்கு ஒரே தாள்தான் தருகிறார்கள். வரும் நாட்களுக்குச் சேர்த்து எழுதி வைத்துவிட்டுப் பிள்ளை பக்கத்தில் உட்காரப் போகிறேன்.

வேறு எதுவும் கேட்காதே.

அக்கா


ஆகஸ்ட் 22, மாலை

அக்கா,

பொது மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் போன் அணைந்தே கிடக்கிறது. துணிப்பை கிடக்கட்டும், இதை மட்டும் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள் என்று அத்தானை அனுப்புகிறேன்.

பட்டாணி நேற்றுக் காலை 10.06க்கு விழுந்தாள். "சித்தி, எனக்கு அந்தச் சிவப்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முப்பது மணி நேரமாகிறது. மூச்சு சீராக இருக்கிறது. ரத்தம், தலை ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டார்கள், எதிலும் குறையில்லையாம். ஊசி குத்தினால்கூட முகம் மாறவில்லை. சிரித்துக்கொண்டே தூங்குகிறாள். அவளைப் பார்க்கவே பயந்து ஒரு நர்ஸ் வெளியே போய்விட்டாள்.

நேற்று 10.06க்கு உன் தாளில் என்ன எழுதியிருக்கிறாய்? எதுவரைக்கும் எழுதியிருக்கிறாய்?

நான் பைத்தியம் என்றே வைத்துக்கொள். ஆனால் போய்ப் பார்.


ஆகஸ்ட் 23

என் தங்கைக்கு,

உன் அத்தான் இதை வாங்கிக்கொண்டு உடனே திரும்புகிறார். அவர் உன் கடிதத்தைக் கொடுத்தபோது விடிகாலை மணி மூன்றரை. நான் தாளை எடுத்துப் பார்த்தேன். 21ஆம் தேதி காலை 10.06லிருந்து ஒரே கோடு. நேரம் எழுதக்கூட முடியாமல், டிப்போவில் ரத்தான வண்டிக்குப் போடுவதுபோல நீளமாகக் கோடு இழுத்திருக்கிறேன். அது தாளின் ஓரம் வரை போகிறது. முடியும் நேரம் என்று எதையும் எழுதவில்லை.

உன் கேள்விக்குப் பதில். பதினாறாம் தேதி மைனா தூங்கவில்லை. எந்தத் தேதியிலும் தூங்கவில்லை. இரவில் இரண்டு மணி நேரம் கண் மூடினால் பெரிது. நான் எழுதியதெல்லாம் பொய். முழு எண்ணாக எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று 3.17, 4.42 என்று எழுதினேன். அந்த வித்தையை டிப்போவில் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

தாளோடு மூத்த நர்ஸிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டு, "மருந்தைக் குறைக்க மாட்டாங்கம்மா. குடுக்குற நேரத்தைத்தான் மாத்துவாங்க" என்றாள். அவ்வளவுதான் விஷயம். சாயங்கால மாத்திரையை முன்னாடி கொடுத்திருப்பார்கள். இரவில் மூன்று பேர் வந்து எழுப்புவதற்குப் பதில் ஒரே தடவையில் எல்லாம் பார்த்திருப்பார்கள். பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு அப்படித்தான் செய்கிறார்களாம். நான் வாயைத் திறந்திருந்தால் என் பிள்ளை இரண்டரை மாதம் விழித்துக் கிடந்திருக்க மாட்டாள்.

பேனா வாங்கி உட்கார்ந்தேன். அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோட்டால் அடித்து மேலே உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் டிப்போ விதி. அந்த நீளக் கோட்டில்தான் ஆரம்பித்தேன். அடித்துவிட்டு விழிப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபோது மணி 4.13. இரண்டாவது முகத்தை அடித்துவிட்டேன். எந்த முகம் என்று மைனாவையே கேட்டேன். அவள் பேனாவை வாங்கி ஐந்தாவது முகத்தில் டிக் போட்டாள். பேனா முனை தாளைக் கிழித்துவிட்டது.

பட்டாணி எழுந்தாளா என்று சொல். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அக்கா


ஆகஸ்ட் 28

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் சொல்லிவிட்டேன் என்றாலும் எழுதுகிறேன். போனில் நாம் இருவரும் அழுததைத் தவிர வேறென்ன பேசினோம்?

4.13க்கு எழுந்தாள். எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. கண்ணைத் திறந்து, "நூல் வேணும்" என்றாள். இரண்டு நாளுக்கு முன் விட்ட வாக்கியத்தின் மீதி. பிறகு அழ ஆரம்பித்தாள். கால் நகம் வலிக்கிறது என்று அழுதாள். அது கறுத்து ஆறி ஒன்றரை மாதமாகிறது. வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். அந்தச் சத்தத்தைப் போல இனிமையாக எதையும் நான் கேட்டதில்லை.

இப்போது பகலில் தூங்குவதே இல்லை. என் கத்தரிக்கோலை ஒளித்து வைத்துவிட்டுப் பேரம் பேசுகிறாள்.

மைனா இரவில் ஆறு மணி நேரம் தூங்கினாள், காய்ச்சல் விட்டது என்று அத்தான் சொன்னார். நிஜமாகவா என்று அவரிடம் மூன்று தடவை கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நீ பையில் அனுப்பிய நகல்களையெல்லாம் பார்த்தேன். எல்லாவற்றையும் அடித்துத் திருத்தியிருக்கிறாய், முதல் தாளைத் தவிர. ஜூன் 5, மத்தியானம் 2.10 முதல் 2.40. அது முழு எண்ணாக இருக்கிறது. அன்றைக்குப் பட்டாணி தூங்கவில்லை, அக்கா. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பொத்தான் டப்பாவைக் கொட்டிவிட்டாள், அந்த நேரம் முழுக்க இருவரும் மெஷினுக்கு அடியில் பொறுக்கிக்கொண்டிருந்தோம்.

அந்த அரை மணி நேரம் யாருடையது?

உடம்பு தேறி நீங்கள் வருவதற்காகக் காத்திருக்கும்,
தங்கை


அக்டோபர் 3

அன்புள்ள தங்கைக்கு,

நலம். இந்தத் தடவை அளக்காமல் எழுதுகிறேன். ரத்தப் பரிசோதனை நன்றாக வந்திருக்கிறது. இன்னும் இரண்டு ரவுண்டு பாக்கி, அதில் ஒன்றை வீட்டிலிருந்தே வந்து போய்ப் பார்த்துக்கொள்ளலாமாம். மைனாவுக்கு வாய் திரும்ப வந்துவிட்டது. டாக்டரின் நடையை அவர் எதிரிலேயே நடித்துக் காட்டுகிறாள். பிடிக்காத நாளில் நான்காவது முகம், ஊசி நாளில் ஐந்தாவது. தாளை அவளே எழுதுகிறாள். நான் தொடுவதில்லை.

ஜூன் 5 தாளை என்னால் திருத்த முடியவில்லை. அசல் தாள் கோப்போடு எங்கோ போய்விட்டதாம். அதுதான் நான் எழுதிய முதல் பொய். அவசரத்தில் முழு எண்ணாக விழுந்துவிட்டது. அன்றைக்கு முகத்தில் டிக் போடவும் தைரியம் வரவில்லை. காலியாகவே கொடுத்தேன்.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். உன் கடிதம் வந்த பிறகுதான் கவனித்தேன். தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு மைனாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்காருகிறேன். தட்டைக் கழுவ வேண்டும் என்று நினைக்கிறேன். அடுத்து நான் பார்க்கும்போது மணி 2.40, தட்டு காய்ந்திருக்கிறது. நடுவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் பகலில் தூங்கும் ஆள் இல்லை, டிப்போவில் கேட்டுப் பார். ஜூன் மாதத்திலிருந்தே இப்படித்தானா என்று மைனாவிடம் கேட்டேன்.

"ஆமாம்மா. தினமும். நான்தான் முழிச்சு உன்னைப் பாத்துக்கிட்டேன்" என்றாள்.

என்னை ஏன் எழுப்பவில்லை என்று கேட்டேன். எழுப்பினாளாம். நான் எழவில்லையாம்.

இன்று காலை அவள் தலையணையை மாற்றும்போது அடியில் ஒரு தாள் இருந்தது. யாரோ கெட்டுப்போனது என்று போட்ட தாளை எடுத்து வைத்திருக்கிறாள். மேலே பெயர் எழுதும் இடத்தில் அம்மா என்று எழுதியிருந்தது. கீழே ஜூன் ஐந்திலிருந்து நேற்று வரை, இரண்டு பக்கமும் பொடி எழுத்தில், வரிசை தப்பாமல், 2.10 முதல் 2.40. ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில் ஒரு முகத்தை அவளே சின்னதாக வரைந்திருந்தாள். எல்லா நாளும் ஐந்தாவது முகம். தூங்கும்போது அழுவேன் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

நேற்றைய நாளுக்கு மட்டும் நான்காவது முகம், கண்ணீர் இல்லாதது.

தாளை மடித்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். திருத்த அதில் ஒன்றும் இல்லை. மணி இரண்டாகிறது, மைனாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு நாற்காலிக்குப் போக வேண்டும்.

பட்டாணியை இறுக்கி அணைத்துக்கொள். அழுதால் அழட்டும்.

உன் அக்கா